சர்க்கரையைத் துறந்த கிளர்ச்சியாளர் பெஞ்சமின் லே

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரைப் பற்றி எழுதத் தகுதியுடையோர் நம்மிடையே பலர் உளர். ஆதலின் நாம் கடல் கடந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டோம். அவர் அரசரல்லர், தளபதியல்லர், கல்லூரி வாசலை மிதித்தவருமல்லர். நான்கடி உயரமே உடையவராய், முதுகு கூனியவராய், இளமையில் ஆடு மேய்த்த ஓர் ஆங்கிலேயர். புலால் உண்ணாதவர், மது தொடாதவர். அதே வேளையில் தம் காலத்துச் செல்வர்களின் உறக்கத்தைக் கெடுத்த பெருங்கிளர்ச்சியாளர். பெஞ்சமின் லே என்பது அவர் பெயர்.

புலால் உண்ணாமை என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் இளைஞர்களில் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். அச்சுளிப்பு காரணமற்றதன்று. நம் நாட்டில் உணவு என்பது வயிற்றுக்காக மட்டும் இருந்ததில்லை; மனிதனை மேலென்றும் கீழென்றும் அளக்கும் கோலாகவும் இருந்து வந்திருக்கிறது. பள்ளியில் நண்பகல் மணி அடித்ததும், சோற்றுப் பாத்திரத்தை முழுவதும் திறவாமல் மூடியால் மறைத்துக்கொண்டு உண்ணும் பிள்ளைகளை நம் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அப்பிள்ளைக்குப் புலால் மறுத்தலின் பெருமையைப் போதிக்க நாம் வரவில்லை. லே என்பவர் எதை விட்டார் என்பதைக் காட்டிலும் எதற்காக விட்டார் என்பதே நாம் இங்கு ஆராயத்தக்கது.

அவர் இங்கிலாந்து நாட்டின் எசெக்ஸ் மாவட்டத்தில், கோல்செஸ்டர் நகரை அடுத்த காப்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு பிறந்தார். குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் மன்னராட்சி கவிழ்ந்து குழப்பம் மூண்டிருந்த காலத்தில் தோன்றிய இப்பிரிவினர், தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொண்டனர். பூசாரி இல்லை, சடங்கு இல்லை. ஓர் அறையில் அமைதியாக அமர்ந்திருப்பர், உள்ளத்தில் ஒளி தோன்றியவர் எழுந்து பேசுவார். பெண்களும் பேசலாம். எவ்வளவு பெரிய பிரபுவாயினும் அவருக்காகத் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். இதற்காகச் சிறை சென்றோர் ஆயிரக்கணக்கானோர். மேலாடையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நம் முன்னோரின் பேரர்களுக்கு, தொப்பியைக் கழற்றாமையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இளம் பெஞ்சமினுக்குப் பள்ளிக்கல்வி மிகக் குறைவே. சிலகாலம் ஆடு மேய்த்தார். பின்னர்க் கையுறை செய்வோரிடம் தொழில் பயில விடப்பட்டார். கையுறைத் தொழில் என்பது தோல்தொழில். ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவதும் வெட்டுவதும் தைப்பதும் ஆம். அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. இருபது வயதைக் கடந்ததும் இலண்டன் சென்று கப்பல் மாலுமியானார். கூன் முதுகும் நான்கடி உடலும் கொண்டவர் பாய்மரக் கம்பங்களில் ஏறி இறங்கினார் என்றால், அவருடைய உடல் வலிமையும் மன வலிமையும் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கடலில் கழித்தார். அடிமைக் கப்பல்களில் நடந்தவற்றை உடன் பணிபுரிந்த மாலுமிகள் வாயிலாக அவர் முதன்முதலில் அறிந்தது இக்காலத்தில்தான்.

1718-இல் சாரா சுமித்து என்னும் பெண்மணியை மணந்தார். அவரும் இவரைப் போலவே குள்ளமானவர், கூனியவர்; குவேக்கர் கூட்டங்களில் உரையாற்றும் மதிப்புமிக்க போதகர். கணவருக்கு இருந்த கடுமொழி அவரிடம் இல்லை. இருவரும் மணமுடித்த அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசுக்குச் சென்று, பிரிட்ஜ்டவுன் நகரில் ஒரு சிறு கடை வைத்தனர். லே என்ற மனிதர் உண்மையில் பிறந்த இடம் காப்ஃபோர்டு அன்று, இந்தப் பார்படோசுதான் எனலாம்.

அத்தீவு முழுவதும் கரும்பு. கரும்பை வெட்டவும் ஆலையில் பிழியவும் பாகு காய்ச்சவும் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிக் கொணரப்பட்ட கறுப்பின மக்கள். பாகிலிருந்து சர்க்கரை, கழிவுப்பாகிலிருந்து ரம் என்னும் சாராயம். சர்க்கரை ஐரோப்பியச் சீமாட்டிகளின் தேநீர்க் கோப்பைக்குச் சென்றது. ரம் கடலோரச் சாவடிகளுக்கும், மீண்டும் அடிமை வாங்கும் கப்பல்களுக்கும் சென்றது. உழைத்தவனுக்கோ கஞ்சிக்கும் வழியில்லை. பட்டினியால் வாடிய அடிமைகள் லேயின் கடைக்கு வந்து கெட்டுப்போன உணவையும் பொறுக்கித் தின்றனர்; சிலர் திருடினர். தொடக்கத்தில் லே அவர்களைச் சாட்டையால் அடித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரே தம் நூலில் ஒப்புக்கொண்ட செய்தி அது. அடித்த பின்னர் அவருக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் யார், ஏன் திருடுகின்றனர் என்று கேட்கத் தொடங்கினார். கேட்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

அவருக்குத் தெரிந்த அடிமை ஒருவர் பீப்பாய் செய்யும் கைத்தொழிலாளி. அவருடைய எசமான் ஒரு குவேக்கர். ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையிலும் அடிமைகளுக்கு அச்சம் குன்றாதிருக்கும் பொருட்டு அடிப்பது அந்த எசமானின் வழக்கம். அடுத்த திங்கட்கிழமையின் அடியை ஏற்க மனமின்றி, ஞாயிற்றுக்கிழமை இரவே அத்தொழிலாளி உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றொரு நாள் சாரா அம்மையார் வேறொரு குவேக்கர் குடும்பத்தைக் காணச் சென்றபோது, வீட்டின் வெளியே ஒரு கறுப்பர் ஆடையின்றிச் சங்கிலியில் தொங்கவிடப்பட்டிருப்பதையும், கீழே குருதி தேங்கியிருப்பதையும் கண்டு திகைத்து நின்றார். உள்ளேயிருந்த குடும்பத்தாரோ, ஓடிப்போனவனைப் பிடித்துத் தண்டித்திருப்பதாக மிக இயல்பாகச் சொன்னார்களாம்.

இந்த எசமானர்கள் குடிகாரர்களோ களியாட்டக்காரர்களோ அல்லர். எளிய உடை, அடக்கமான பேச்சு, அளவான ஊண், நேர்மையான வாணிகம், வாரந்தோறும் தவறாத வழிபாடு ஆகிய ஒழுக்கங்கள் யாவும் உடையவர்கள். ஒழுக்கமுடையவனும் கொடியவனாக இருக்க முடியும் என்பதை லே நேரில் கண்டார். இதை நாமும் நம் ஊர்களில் கண்டவர்களே: பூச்சி பொட்டுக்குத் தீங்கு வரலாகாதென்று பார்த்து நடந்தவர்களின் கேணியில் நமக்குத் தண்ணீர் இருந்ததில்லை.

லே தம்பதியினர் அடிமைகளைத் தம் வீட்டில் கூட்டி உணவளிக்கத் தொடங்கினர். நூற்றுக்கணக்கானோர் வந்தனர். தோட்ட முதலாளிகள் சினந்தனர். ஈராண்டு நிறையுமுன்னரே, 1720-இல், இருவரும் இங்கிலாந்து திரும்பினர். அங்கே லே வாய் மூடி இருந்தாரில்லை. பொருளாசை பிடித்த போதகர்களைக் கூட்டத்திலேயே எழுந்து கண்டித்தார். இலண்டனிலும் கோல்செஸ்டரிலும் சபையினர் அவரை விலக்கினர். 1732-இல் சாராவுடன் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் கப்பலேறினார்.

பிலடெல்பியா என்றால் உடன்பிறப்பன்பு நகரம் என்று பொருள். அந்த நகரையும் பென்சில்வேனியாவையும் நிறுவிய வில்லியம் பென் என்பாரும் குவேக்கரே. அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே. லே சென்று இறங்கியபோது சபையின் தலைவர்களிலும் போதகர்களிலும் பலர் அடிமை உடையவர்கள். அடிமைமுறையை எதிர்த்து 1688-ஆம் ஆண்டிலேயே சர்மன்டவுன் என்னும் ஊரில் நால்வர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தனர். அது மேலவைக்கு மேலவையாக அனுப்பப்பட்டுக் கட்டில் முடங்கிற்று. விண்ணப்பங்கள் எவ்வாறு முடங்குகின்றன என்பது அரசுப் பணியில் இருப்போர்க்குப் புதிதன்று. பின்னர் ரால்ப் சாண்டிபோர்டு என்னும் வணிகர் 1729-இல் நூலொன்று வெளியிட்டு, சபையாரின் பகையால் உடலும் உள்ளமும் நலிந்து 1733-இல் இளவயதிலேயே மாண்டார். நோயுற்றிருந்த அவரை லே சென்று கண்டார். எதிர்த்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதை அறிந்துகொண்டே லே களத்தில் இறங்கினார்.

1735-இல் சாரா அம்மையார் காலமானார். அதன்பின் லே பிலடெல்பியாவுக்கு வடக்கே உள்ள அபிங்டனில் ஒரு குகையைத் தம் இல்லமாக்கிக்கொண்டார். குகை என்றவுடன் சடைமுடித் துறவியை எண்ணிவிடலாகாது. அக்குகையில் ஏறத்தாழ இருநூறு நூல்கள் கொண்ட நூலகம் இருந்தது. இறையியல், வரலாறு, கவிதை, மெய்யியல் அனைத்தும் அதில் அடக்கம். பள்ளிக்குச் செல்லாத ஆட்டிடையர், மாலுமி, கடைக்காரர், இருநூறு நூல்களோடு வாழ்ந்தார் என்பதை நம் மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வெளியே கனிமரங்கள் நட்டார், காய்கறி பயிரிட்டார், தேனீ வளர்த்தார், ஆளிச்செடியின் நாரைத் தாமே நூற்று உடை செய்துகொண்டார். கம்பளியையும் தோலையும் விலக்கினார். குதிரையேறுவதும் விலங்கை வருத்துவதே என்று எங்கும் நடந்தே சென்றார்.

புலாலை அவர் விட்டது பற்றி ஒரு செய்தி உண்டு. வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு ஒன்று அவருடைய தோட்டத்தை அழித்தது. சினத்தில் அதைக் கொன்று, உடலைத் துண்டாக்கித் தோட்டத்தின் மூலைகளில் அறைந்துவைத்தார். பின்னர் தாம் செய்ததை நினைந்து வருந்தினார். பார்படோசில் முதலாளிகள் அடிமைகளின் உடலை அச்சமூட்டும் பொருட்டுத் தொங்கவிட்டதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை எவர்க்கும் புலப்படும். அவருக்குப் புலப்படாமலா இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

அவர் எங்குச் சென்றாலும் உடன் எடுத்துச் சென்ற நூல்களில் ஒன்று தாமஸ் டிரையன் என்பவர் நல்வாழ்வு பற்றி எழுதியது. டிரையன் 1634 முதல் 1703 வரை வாழ்ந்த ஆங்கிலேயர். அவரும் பார்படோசில் சிலகாலம் தொழில் செய்தவர். புலால் உண்ணாமையையும் மது அருந்தாமையையும் வற்புறுத்தியவர். அடிமைகளின் துயரை 1684-இலேயே எழுதியவர். இந்தியப் பிராமணர் ஒருவர் ஐரோப்பியரோடு உரையாடுவதுபோல் கற்பனையாக ஒரு நூலும் செய்தார். கொல்லாமை நெறிக்குப் பிராமணரை முன்மாதிரியாகக் கொண்டார். அவர் ஏட்டில் படித்தறிந்த இந்தியாவில் அக்கிரகாரம் இருந்தது. சேரி இருந்ததாகத் தெரியவில்லை.

அதே டிரையனின் நூலைப் பதினாறு வயதில் படித்துப் புலாலை விட்ட மற்றொருவர் பெஞ்சமின் பிராங்கிளின். பிற்காலத்தில் அமெரிக்க விடுதலையின் தலைவர்களுள் ஒருவரான அவரேதான். ஒருமுறை கப்பல் காற்றின்றி நின்றபோது, உடன் வந்தோர் மீன் பிடித்து வறுத்தனர். மீனின் வயிற்றில் சிறுமீன் இருப்பதைக் கண்ட பிராங்கிளின், மீனே மீனைத் தின்னுமாயின் நாம் ஏன் தின்னலாகாது என்று தமக்குத் தாமே நியாயம் கற்பித்துக்கொண்டு உண்டுவிட்டதாகத் தம் வரலாற்றில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். நல்ல மனிதர்தாம், ஆயினும் விரும்பியதற்கு நியாயம் கண்டுபிடிக்க வல்லவர். அவருடைய செய்தித்தாள் அடிமை விற்பனை விளம்பரங்களையும் வெளியிட்டது. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். லே அத்தகைய நியாயங்களைத் தேடியவரல்லர்.

லேயின் உணவுநெறியைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். விலங்கிலிருந்து வரும் எதையும் கொள்ளாதோரை இக்காலத்தில் வீகன் என்பர். 1944-இல் இங்கிலாந்தில் படைக்கப்பட்ட சொல் அது. லே பாலும் தேனும் உண்டார். ஆகவே சொல்லின் முழுப்பொருளில் அவர் வீகன் அல்லர். ஆனால் கம்பளி, தோல், குதிரைச் சவாரி ஆகியவற்றையும் விலக்கிய அளவில், இக்காலத்தார் பலரைக் காட்டிலும் அவர் ஒருபடி கடந்து சென்றார். ஏனெனில் அவருடைய விலக்கல் விலங்கோடு நின்றுவிடவில்லை. அடிமை உழைப்பால் விளைந்த எந்தப் பொருளையும் அவர் தொடவில்லை. சர்க்கரை கூடாது; அதனால் தேநீரும் கூடாது. ரம் கூடாது. புகையிலை கூடாது, அதுவும் அடிமைகளின் கையால் விளைந்ததே. ஒருமுறை சபைக் கூட்டத்தில் புகைக்குழாய்களைக் கொண்டுவந்து எல்லாரும் காண உடைத்தெறிந்தார். அழைத்த வீட்டில் அடிமை இருப்பது தெரிந்தால் உண்ணாமல் எழுந்து வந்துவிடுவார்.

தூய்மை, தீட்டு என்னும் எண்ணத்திற்கு இதில் இடமே இல்லை. தீட்டு என்பது, இன்னார் தொட்டதை நான் உண்ணேன் என்று உழைத்தவனை விலக்கும். அவன் விளைவித்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும். லே விலக்கியது உழைத்தவனை அன்று, உழைத்தவனை அடித்துப் பிடுங்கியதை. ஒரே பட்டினிதான், ஒன்று எசமானின் பந்தியில் தன் இடத்தைக் காத்துக்கொள்ள இருப்பது, மற்றொன்று அப்பந்தியையே கவிழ்க்க இருப்பது. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாடில், இறந்த விலங்கின் இறைச்சியை உண்பதை விடுமாறு நம் மக்களை வேண்டியதும், 1956-இல் நாகபுரியில் ஏற்பித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையைச் சேர்த்ததும் மேல்சாதியாரைப் பார்த்து ஒழுகுவதற்காக அன்று. ஊர் எறிந்ததைப் பெற்று வாழும் நிலையிலிருந்து நிமிர்வதற்காகவே. குடியைப் பற்றி இங்கு ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. கூலி வாங்கும் மாலையில் சேரிக்கு வெகு அருகில் கடை இருப்பது யாருக்கு ஆதாயம் என்று கேட்கத் தெரிந்த இளைஞன், லேயைப் படிக்காமலேயே பாதி படித்தவனாவான்.

இனி அவருடைய கிளர்ச்சிகளுக்கு வருவோம். பனிக்காலத்தில் ஒரு நாள் வழிபாட்டுக் கூடத்தின் வாயிலில் ஒரு காலை உடையின்றிப் பனியில் புதைத்து நின்றார். வந்தவர்கள் இரங்கி, உடல் கெடும் என்றனர். என் மீது இரக்கம் காட்டுகிறீர்கள், உங்கள் வயலில் குளிர்காலம் முழுவதும் அரையாடையோடு உழைக்கும் அடிமைகள் மீது காட்டவில்லையே என்ற பொருள்பட அவர் மறுமொழி சொன்னார். கூட்டத்திலிருந்து தூக்கி வெளியே எறியப்பட்ட மற்றொரு நாள், மழையில் சேற்றில் வாயிலின் குறுக்கே படுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து வெளியேறிய ஒவ்வொருவரும் அவர் உடலைத் தாண்டித்தான் செல்ல வேண்டியதாயிற்று. அடிமை வைத்திருந்த அண்டை வீட்டாரின் சிறு குழந்தையை ஒரு நாள் தம் குகையில் வைத்துக்கொண்டு, பெற்றோர் பதறித் தேடி வந்தபோது, ஆப்பிரிக்கத் தாயிடமிருந்து குழந்தையைப் பறிப்பதன் துயரம் இப்போது விளங்கிற்றா என்று கேட்டார் எனப் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இச்செயல் நமக்கு உடன்பாடன்று. குழந்தையை வைத்துப் பாடம் நடத்தலாகாது. ஆசிரியப் பணியில் இருப்போர் வேறு சொல்ல இயலாது. இயேசுபிரானைப் போல் நாற்பது நாள் உண்ணாநோன்பு இருக்க முயன்று இறப்பின் வாயிலுக்குச் சென்று மீண்டதும் உண்டு. அளவறியாத மனிதர் அவர் என்பதை அவருடைய அன்பர்களும் மறுக்கவில்லை.

1737-இல் அவர் எழுதிய நூல் அச்சாயிற்று. அடிமை வைத்திருப்போர் அனைவரும் சமயத் துரோகிகள் என்பதே அதன் தலைப்பின் சாரம். 270 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அச்சிட்டவர் பிராங்கிளின். முன்னெச்சரிக்கையாகத் தம் பெயரை அதில் பொறிக்கவில்லை. நூல் ஒழுங்கற்றது; வரலாறு, வசை, வேதம், சொந்த நினைவுகள் எல்லாம் கலந்து கிடக்கும். ஆயினும் அடிமைமுறை முழுவதும், எல்லா இடத்தும், உடனே ஒழிய வேண்டும் என்று கேட்ட தொடக்க நூல்களுள் ஒன்று அது. லே அதை விலையின்றி, குறிப்பாக இளைஞர்களுக்குக் கொடுத்தார்.

1738 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் பர்லிங்டன் நகரில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. லே பெரிய மேலங்கி போர்த்து வந்து அமர்ந்தார். அதற்குள் படைவீரர் உடையும் வாளும் இருந்தன. கையில் வேதநூல் போன்றதொரு நூல். அதன் உட்பக்கங்களைக் குடைந்து, செந்நிறக் கனிச்சாறு நிரப்பிய சிறு பை ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். முறை வந்ததும் எழுந்தார். எல்லா மக்களையும் ஒப்ப மதிக்கும் இறைவன் முன்னிலையில், அடிமையை வைத்திருப்பது கொலைக்கு நிகரான பாவம் என முழங்கினார். மேலங்கியை வீசினார். போரையும் படைக்கலத்தையும் அறவே வெறுக்கும் அவையில் வாள் மின்னிற்று. நூலை உயர்த்தி வாளால் குத்தினார். செந்நீர் பீறிட்டு அவர் கைவழியே ஒழுகியது. அதை அருகிருந்த அடிமை முதலாளிகள் மேல் தெளித்தார். அவை கலங்கியது. அவரைத் தூக்கிச் சென்றனர், அவர் எதிர்க்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று. அவ்வாண்டே சபை அவரை விலக்கியது. அவருடைய நூலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று செய்தித்தாளிலும் அறிவித்தது. விலக்கிய பின்னரும் அவர் வழிபாட்டுக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

1742-இல் பிலடெல்பியாச் சந்தையில் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். மறைந்த மனைவியின் பீங்கான் தேநீர்க் கோப்பைகளை எடுத்து வந்து, சந்தை மேடையொன்றில் நின்று சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கினார். தேநீர், தேநீரில் சர்க்கரை, சர்க்கரையில் குருதி என்பதே அவர் காட்ட வந்தது. கூட்டத்தாருக்கோ கோப்பையின் மதிப்பே பெரிதாகப் பட்டது. இளைஞர்கள் அவரைத் தூக்கி அப்புறப்படுத்தினர். எஞ்சிய கோப்பைகளைக் கூட்டம் எடுத்துச் சென்றுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் கோப்பையின் முன் கொள்கை நிற்காது போலும்.

சர்க்கரையை விலக்குவது பயனற்ற கிறுக்கு என்று அன்று நகைத்தனர். ஆனால் லே மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1791-இல் தொடங்கி இங்கிலாந்தில் மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குவதில்லை என்ற இயக்கம் பரவிற்று. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அதை விட்டதாக அக்கால அடிமை ஒழிப்பாளர் கிளார்க்சன் மதிப்பிட்டார். அதற்கு மாற்றாகச் சிலர் நம் நாட்டிலிருந்து சென்ற கிழக்கிந்தியச் சர்க்கரையை, அடிமை உழைப்பால் விளையாதது என்ற சான்றோடு வாங்கினர். அது பெரும்பாலும் வங்கத்துச் சர்க்கரை. அதே கும்பெனி ஆட்சியில், அதே ஆண்டுகளில், தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் நம் முன்னோர் பண்ணையடிமைகளாக ஒற்றிக்கும் விலைக்கும் உட்பட்டிருந்தனர். நம் அரிசியைப் பற்றி அங்கு எவரும் கேட்கவில்லை. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரை அடிமைமுறையை இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றே வந்தன. லே உயிரோடிருந்து இதை அறிந்திருந்தால் அரிசியையும் விட்டிருப்பார் என்று நம்ப நமக்கு இடமுண்டு.

லேயின் முறைகளைப் பின்பற்றாமல் மென்மையாகப் பேசிச் சபையை மாற்றியவர்கள் ஜான் உல்மன், அந்தோணி பெனசெட் ஆகிய இருவர். உல்மன் வீடு வீடாக நடந்து சென்று அடிமை முதலாளிகளிடம் பேசினார். பெனசெட் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இவர்களையே போற்றி, லேயைக் கிறுக்கர் என்று ஓரிரு வரிகளில் ஒதுக்கினர். இது முறையன்று என்பது நம் கருத்து. அடைத்த கதவை ஒருவர் இடித்துக்கொண்டே இருந்தார். இடியோசை பொறாமல் உள்ளிருந்தோர் திறந்தபோது மென்மையாகப் பேசியவர் உள்ளே சென்றார். இருவருமின்றி அக்கதவு திறந்திராது. 2017-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க்கஸ் ரெடிகர் எழுதிய விரிவான வரலாறு வந்த பின்னரே லேயின் இடம் பரவலாக உணரப்பட்டது.

1758-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபை நடவடிக்கைகளிலிருந்து விலக்குவதென்று முடிவு செய்தது. முதுமையால் தளர்ந்திருந்த லேயிடம் நண்பர் ஒருவர் ஓடி வந்து இச்செய்தியைச் சொன்னார். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்து, எழுந்து இறைவனுக்கு நன்றி கூறி, இனி நிம்மதியாகக் கண்மூடலாம் என்றார். அதற்கடுத்த ஆண்டு, 1759 பிப்ரவரியில், தம் 77-ஆம் வயதில் மறைந்தார். குவேக்கர்கள் அடிமை வைத்திருப்பதையே தடைசெய்தது 1776-இல். பென்சில்வேனியா, அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது 1780-இல். அடிமை விளம்பரம் அச்சிட்ட பிராங்கிளின் 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார்.

பிராங்கிளினின் மனைவி டெபோரா, லேயின் உருவத்தை ஓவியமாகத் தீட்டச் செய்து கணவருக்கு அளித்தார். கையில் நூலும், பின்னே குகையும், அருகே கனிக்கூடையுமாக அவர் நிற்கும் அவ்வோவியம் வாசிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ளது.

அபிங்டன் குவேக்கர் இடுகாட்டில் சாராவுக்கு அருகே அவரைப் புதைத்தனர். சபையிலிருந்து விலக்கப்பட்டவராகவே அவர் புதைக்கப்பட்டார். கல் ஏதும் நடப்படவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவரை விலக்கிய கூட்டங்களின் இன்றைய வழிவந்தோர் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அவரைத் தம்மவர் என்று மீண்டும் ஏற்றனர். 2018 ஏப்ரலில் அவ்விடுகாட்டில் பெஞ்சமின், சாரா இருவர் பெயரும் பொறித்த சிறு கல் ஒன்று நாட்டப்பட்டது.